சக்கரங்களின் மேல் ஓர் இல்லம்



சென்ற இதழில் சமையலறை எரிவாயு அடுப்பைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஷார்ஜாவில் வாழும் நம் ஏரல் சகோதரி ஒருவர் நீண்ட மடல் ஒன்று வரைந்திருக்கிறார். அவருடைய கணவர் அங்கே பழைய கேரவன் ஒன்றை விலைக்கு வாங்கியிருக்கிறாராம். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் வகை அது. இரண்டு படுக்கைகள், சிறியதொரு சமையல் மேடை, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை யாவும் அதனுள்ளேயே அடக்கம். குளிர்காலத்து வார விடுமுறைகளில் பாலைவனத்திலும் கடற்கரையிலும் சென்று தங்கிவர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. "வாங்கியாயிற்று; இதை வைத்துப் பராமரிப்பதும் பிள்ளைகளோடு பத்திரமாகப் போய்வருவதும் எப்படியென்று உங்கள் பகுதியில் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

மடலை நான் உரக்கப் படித்தபோது பக்கத்தில் அமர்ந்திருந்த என் மாமி, "வீட்டையும் இழுத்துக்கிட்டா போவாக? வீட்டு வேலைய விட்டு ரெண்டு நாள் இருக்கத்தானே பயணம் போறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்!

நம் நாட்டில் இத்தகைய இழுவை வீடுகள் மிகவும் அரிது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அங்கே ஓடுபவை பெரும்பாலும் ஓட்டுநரோடு வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளே. ஆனால், வாகனத்தையே வீடாக்கிக்கொண்டு புறப்படுவது நமக்குப் புதிதன்று. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கியதும் ஏரலிலிருந்து குற்றாலத்திற்கு எத்தனை வேன்கள் கிளம்புகின்றன! பொட்டல்புதூருக்கும், ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும், ஏர்வாடிக்கும், நாகூருக்கும் போகிற வேன்களில் தேக்சா, அடுப்பு, சிலிண்டர், தண்ணீர்க் கேன், பாய், தலையணை என்று ஒரு குடும்பமே குடிபெயர்ந்து செல்கிறது. ஆகவே, ஷார்ஜா சகோதரிக்குச் சொல்லும் பதிலில் ஏரல் சகோதரிகளுக்கும் பங்குண்டு.

முதலில் நெருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் சொந்தத் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பதினெட்டுப் பேர் வாடகை வேனில் குற்றாலம் புறப்பட்டோம். ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தித் தேநீர் போட்டோம். அடுப்பை அணைத்தேன், சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடவுமில்லை, கழற்றவுமில்லை. இடம் போதவில்லையென்று சிலிண்டரைப் படுக்க வைத்து, பின்னிருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன். திருநெல்வேலியைத் தாண்டி ஆலங்குளம் நெருங்கும்போது மாமி, "என்ன முட்டை வாடை வருது?" என்றார். கட்டிக்கொண்டு வந்த அவித்த முட்டைதான் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சிரித்தோம். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தோம். முட்டை நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் வேன் நின்றது. கீழே இறங்கிய ஓட்டுநர் பின்கதவருகில் நின்று பீடியைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தார். மாமி போட்ட சத்தத்தில் அவர் தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், அன்று வேறொன்றும் நடக்கவில்லை. அடுப்புக் குழாயின் முனையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரமாக வாயு கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

எங்களுக்கு நேராதது மற்றவர்களுக்கு நேர்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை இரயில் நிலையத்தருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. உத்தரப்பிரதேசத்திலிருந்து யாத்திரையாக வந்தவர்கள் அதில் தங்கியிருந்தார்கள். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரே காரணம் என்று இரயில்வே தெரிவித்தது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். விடியற்காலையில் ஒரு வாய் தேநீருக்காகப் பற்றவைக்கும் நெருப்பு, சக்கரத்தின் மேலுள்ள வீட்டில் இப்படியும் முடியக்கூடும்.

நம் வீட்டுச் சமையலறையில் நேர்கின்ற சிறு கசிவு வாகனத்திற்குள் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். அதற்கென்று இயற்கையான மணமும் கிடையாது; நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒரு துர்நாற்றத்தைச் சேர்த்து விடுகிறார்கள். வேனின் இருக்கைக்கு அடியில் அது தேங்கினால், உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு எட்டுவதற்குள் முழங்கால் வரை நிறைந்துவிடும். கேரவன் செய்பவர்கள் இதை அறிந்தே, தரையிலும் தரையையொட்டிய சுவரிலும் சிறு துளைகள் வைக்கிறார்கள். மணலும் பூச்சியும் வருகிறதென்று சில இல்லத்தரசிகள் அவற்றைத் துணியால் அடைத்துவிடுவார்கள். ஷார்ஜா சகோதரி அவர்களே, அந்தத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். மெல்லிய கம்பிவலை பொருத்தலாம். அதையும் மாதமொருமுறை தூசு தட்ட வேண்டும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுத்த நிலையில் உள்ளிருக்கும் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும். கேரவனில் அதற்கென வெளிப்புறம் திறக்கும் தனி அறை இருக்கும். அங்கே வாரினால் இறுகக் கட்டி வையுங்கள். வண்டி நகரும் முன் சிலிண்டரை மூடிவிட வேண்டும். வேனில் போகிறவர்கள் ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி எரிவாயுவில் ஓடுவதானால், பெட்ரோல் நிலையத்திற்குள் நுழையுமுன் அதன் சுடர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரப்பர்க் குழாயை வீட்டில் ஐந்தாண்டுக்கொருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஓயாமல் குலுங்கும் வண்டியில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிகிறது என்று பொருள். தீக்குச்சி உரசிப் பார்க்கும் பழக்கம் இன்னமும் சில வீடுகளில் இருப்பதைக் கண்டு நான் நடுங்கியிருக்கிறேன்.

வாடை வந்துவிட்டால் வண்டியை நிறுத்தி அனைவரும் இறங்க வேண்டும். கதவுகளையெல்லாம் திறந்துவிட வேண்டும். விளக்கு, மின்விசிறி எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வாடை முற்றிலும் நீங்கும் வரை வண்டியை மீண்டும் கிளப்பக் கூடாது.

இன்னொரு நெருப்பு, வாடையே இல்லாதது. பாலைவனக் குளிரில் கரியடுப்பு மூட்டிச் சுற்றி அமர்வது அரபு நாட்டு வழக்கம், மிக இனிமையானதும்கூட. இரவில் குளிர் கூடியதும் அந்தக் கனலைக் கூடாரத்திற்குள்ளோ கேரவனுக்குள்ளோ கொண்டுபோய் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுப்பதுதான் பேராபத்து. எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குபவரை எழுப்பாமலேயே உயிரைப் பறித்துவிடும். கனல் வெளியிலேயே இருக்கட்டும். குளிருக்குக் கம்பளி போதும். இந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் உங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும். படுக்கைக்கு அருகில் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாரம். இதில் எனக்கு அனுபவம் கிடையாது. தூத்துக்குடியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் சாச்சா மகனிடம் கேட்டேன். துறைமுகச் சாலையில் ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்களோடு நாளெல்லாம் பழகுகிறவர் அவர். "வாழைத்தார் ஏற்றின டிராக்டரைப் பார்த்ததில்லையா லாத்தா? அதே கணக்குத்தான்" என்றார். நம் தாமிரபரணிக் கரையில் பார்க்காதவர் யார்! இரு சக்கர டிரெய்லரில் தார்களைப் பின்பக்கமாகக் குவித்துவிட்டால் இழுவைக் கம்பி மேலே எழும்பும். முன்பக்கமாகக் குவித்தால் கொக்கி அழுந்தி இழுக்கும் வண்டியின் பின்புறம் தாழும். கேரவனிலும் கனமான பொருள்கள் அச்சுக்கு நேர்மேலே, தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். மேல் அலமாரிகளில் துணியும் ரொட்டியும் மட்டும். கொக்கியின் மேல் அழுந்தும் எடை, ஐரோப்பிய வகை கேரவன்களில் மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு என்பது வழக்கம். ஆயிரம் கிலோவுக்கு 50 முதல் 70 கிலோ. அமெரிக்க வகைகளில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு. உங்களுடையது எந்த வகை என்பதை அதனோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நூறு லிட்டர்த் தொட்டியை நிரப்பினால் நூறு கிலோ கூடிவிட்டது என்பதும் நினைவிலிருக்கட்டும். ஒருமுறை முழுப் பாரத்தோடு எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

பாரம் பிசகினாலும், வேகம் மிகுந்தாலும், பெரிய லாரி பக்கத்தில் விரைந்து கடந்தாலும் பின்வண்டி பாம்பைப்போல் நெளியத் தொடங்கும். அப்போது பிரேக்கை அழுத்தி மிதிப்பதே பெரும்பாலோர் செய்யும் தவறாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும் என்கிறார் தம்பி.

பின்வண்டியில் யாரும் பயணம் செய்யக் கூடாது. "பெண்கள் பர்தா வசதியோடு உள்ளேயே படுத்து வரட்டுமே" என்று நல்லெண்ணத்தில் சொல்லும் ஆண்கள் இருக்கிறார்கள். ஓடும்போது அது வீடன்று, வெறும் பெட்டி. கொக்கி கழன்றால் அதைத் தடுத்து நிறுத்த உள்ளே ஓட்டுநர் கிடையாது. கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்கள் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

டயரைப் பற்றி ஒரு செய்தி. கேரவன் ஆண்டில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பதால் டயரின் பட்டை தேயாது. புதியதுபோலவே காட்சி தரும். ஆயினும் வெயிலில் இரப்பர் வெடித்துப் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஐந்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டால், பட்டை எப்படியிருந்தாலும் தேர்ந்தவரிடம் காட்டி மாற்றிவிடுவதே மேல். நிறுத்தி வைக்கும் காலத்தில் சக்கரங்களைத் துணியால் மூடி வையுங்கள். வாடகை வேன் பேசும்போதும் இந்த எண்ணைக் குனிந்து பார்க்கலாம். ஓட்டுநர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கூரையின் மூட்டுகளில் பூசியிருக்கும் பசை வளைகுடா வெயிலில் வறண்டு பிளக்கும். மழை வரும்போதுதான் பிளவு தெரியும். அதற்குள் உட்சுவரின் மரச்சட்டம் ஊறிப்போயிருக்கும். ஆண்டுக்கு இருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். மூலை அலமாரியில் ஈரவாடை வந்தால் அலட்சியம் கூடாது. கடற்கரைக்குப் போய்வந்த மறுநாளே அடிப்பாகத்தை நன்னீரால் கழுவிவிட வேண்டும். ஏரலுக்குப் பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்புப் பொருள்கள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அதைப் படித்துவிட்டு என் மகன், "மண்ணுக்குள்ளே அவ்வளவு காலம் கிடந்திருக்கிறதே, நம் வேன் கதவு மட்டும் ஏன் மூன்று வருடத்தில் துருப்பிடித்துவிட்டது?" என்று கேட்டான். உப்புக்காற்றைத்தான் காரணம் சொன்னேன்.

தண்ணீர் விஷயத்தில் நம் மார்க்கம் நமக்குப் பெரிய வசதியைத் தந்திருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் ஒளுச் செய்வார்கள் என்பது ஹதீஸ்களில் வந்துள்ள செய்தி. இரு கைகளையும் குவித்து அள்ளும் அளவு அது. முக்கால் லிட்டருக்குள்தான் வரும். கேரவன் குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்தால் ஐந்து பேர் முடிப்பதற்குள் தொட்டி பாதியாகிவிடும். நம் வீட்டுக் கெண்டி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளுக்கும் அளவு பழகும். குடிநீரைத் தனிக் கேனில் வைத்துக்கொள்வதே நல்லது. தொட்டி நீரைப் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பருவத் தொடக்கத்தில் தொட்டியைக் கிருமிநாசினி கலந்த நீரால் நிரப்பி, சில மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலச வேண்டும். கழிப்பறைப் பெட்டியை அதற்கென உள்ள இடத்திலன்றி மணலிலோ ஓடையிலோ கொட்டுவது பெரும் அநியாயம். இதைச் சொல்லும்போது, ஆற்றோரம் வேனை நிறுத்தி எச்சில் இலையையும் எண்ணெய்ச் சட்டியையும் தாமிரபரணியில் கழுவிவிடும் நாமும் வெட்கப்பட வேண்டும். அதே ஆற்றுநீர்தான் கீழே நம் ஊர்க் குழாயில் வருகிறது.

எங்கே நிறுத்துவது? ஆற்றின் பெயரை எடுத்ததும் 2023 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. 17ஆம் தேதி தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. ஏரல் நீரால் சூழப்பட்டுத் தனித்தீவாகிக் கிடந்ததை நாம் மறக்க முடியுமா? அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், தண்டவாளத்தின் கீழிருந்த மண் அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதிலிருந்த சுமார் 800 பேரில் ஒரு பகுதியினர் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டனர். மற்றவர்களுக்கு இரண்டு நாட்கள் இரயில் பெட்டியே வீடாயிற்று. சுற்றியிருந்த ஊர்மக்கள் தம்மிடமிருந்ததைச் சமைத்துக் கொடுத்தனர். உங்கள் பக்கத்திலும் 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையில் ஷார்ஜாத் தெருக்களில் நாட்கணக்கில் நீர் தேங்கி நின்றதே! பாலைவனத்தில் 'வாதி' எனப்படும் வறண்ட ஓடைகள் சமதளமாக, நிழலாக, நிறுத்துவதற்கு அழகான இடமாகத் தோன்றும். மலையில் பெய்யும் மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளியும் விழாமலே அங்கே வெள்ளமாக வந்து சேரும். மேட்டில் நிறுத்துங்கள். குற்றாலம் போகிறவர்களுக்கும் இதுவே. ஒரு நாள் கூடுதலாக வேண்டிய உலர்ந்த உணவும், மருந்தும், குடிநீரும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

இத்தனை எச்சரிக்கைகளைப் படித்துவிட்டுச் சகோதரி கேரவனை விற்றுவிடப் போகிறாரோ என்று எனக்கு இப்போது கவலையாக இருக்கிறது! இன்பமும் இதில் நிறையவே உண்டு. சேர்ந்ததும் முதல் வேலையாக வண்டியைச் சமதளமாக நிறுத்தி, மூலைத் தாங்கிகளை இறக்கிவிடுங்கள். சாய்ந்து நின்றால் எரிவாயுவில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி சரியாகக் குளிராது, படுக்கையும் உருளும். அப்புறம் கதவருகிலுள்ள கூரைத்துணியை விரித்துப் பாயைப் போட்டுவிடுங்கள். சமையலும் சாப்பாடும் பேச்சும் அங்கேதான் நடக்க வேண்டும். உள்ளே படுப்பது மட்டும். இரவில் காற்று எழுந்தால் துணியைச் சுருட்டிவிட மறக்க வேண்டாம்.

வெங்காயத்தை உரிப்பது, மசாலா அரைப்பது, இறைச்சியைக் கழுவி மஞ்சள் தடவுவது எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். அங்கே ஒரே பாத்திரத்தில் ஆகிற சமையல் போதும். நோன்புக் கஞ்சியை ரமளானுக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. குளிர்ந்த மணலில் அமர்ந்து குடிக்க அதற்கு நிகர் கிடையாது. வடை, சமோசா என்று கொதிக்கும் எண்ணெயை மட்டும் வண்டிக்குள் வைக்காதீர்கள். பாத்திரம் கழுவுவதை ஆண்மக்களிடம் ஒப்படையுங்கள். மாமி கேட்ட கேள்விக்கு இது ஒன்றே பதில்.

கிப்லாவைச் சேர்ந்தவுடனேயே பார்த்து, ஒரு கல்லை நட்டு வைத்துவிடுங்கள். நம் ஏரலில் மேற்கிலிருந்து சற்றே வடக்காகத் திரும்பித் தொழுது பழகிய கால்கள் உங்களுடையவை. ஷார்ஜாவிலிருந்து மக்கா மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே இருக்கிறது. வீட்டில் பள்ளிவாசல் காட்டிய திசையை, வெட்டவெளியில் நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் திசைகாட்டியைக் கொடுத்து அந்தப் பொறுப்பை விடுங்கள். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது, சேர்ப்பது பற்றிய விவரங்களை நீங்கள் பின்பற்றும் மத்ஹபின் ஆலிமிடம் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் களைப்பில் அப்படியே பூட்டிவிடுவதுதான் பெரும்பாலான கேரவன்களைக் கெடுக்கிறது. தொட்டியை வடித்து, குழாய்களைத் திறந்தே விட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து, கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு துணியைச் செருகி வையுங்கள். மெத்தைகளை நிமிர்த்தி வைத்தால் அடியில் ஈரம் தங்காது. ஒரு ரொட்டித் துண்டு கிடந்தாலும் எலி தேடி வரும். வந்தால் மின்கம்பியைக் கடிக்கும். மின்கலத்தை முழுவதும் தீரவிடாமல் மாதமொருமுறை மின்னேற்றி வைக்க வேண்டும். சிலிண்டரை மூடிக் கழற்றிவிடுங்கள்.

மடலின் கடைசியில் அந்தச் சகோதரி, "ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பும்போது இதையும் கப்பலில் கொண்டுவந்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். தூத்துக்குடி வரை வந்து சேரலாம். அதற்குப் பின்? நம் ஏரல் கடைத்தெருவில் இரண்டு மினிபஸ்கள் எதிரெதிரே வந்தாலே யாராவது ஒருவர் திண்ணையில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. காரும் கேரவனுமாக அந்த நீளத்தைத் திருப்புவதற்குள் இரண்டு கடைகளின் பந்தல் கழன்றுவிடும். நல்ல விலைக்கு அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதைப் படித்துக் காட்டியபோது மாமி சற்று யோசித்துவிட்டு, "கதவுப் பக்கம் விரிக்கிற அந்தக் கூரைத்துணிய மட்டும் கழத்திக் கொண்டு வரச் சொல்லும்மா. குத்தாலத்துல வேனுக்குப் பக்கத்துல கட்டிக்கிடலாம்" என்றார்.